மறைவேட வீரரும் காலப் பயணமும்

கார்ட்டூன் என்று வழங்கப்பெறும் அசையும் சித்திரப் படங்களுள் சிறுவர்கள் பெரிதும் விரும்பிக் காண்பவை வீரசாகசக் கதைகள். அவற்றில் இரண்டு அம்சங்கள் அடிக்கடி இடம்பெறுகின்றன. ஒன்று, வீரன் தான் இன்னான் என்பதை உலகுக்கு மறைத்து வாழ்தல். மற்றது, கடந்த காலத்துக்கோ வருங்காலத்துக்கோ சென்று மீளுதல். இவை வெறும் மாயாஜாலம் என்று பெரியோர் சிலர் ஒதுக்கிவிடுவதுண்டு. ஆயின், சற்று ஆராய்ந்து பார்ப்போர்க்கு இவற்றின் அடியில் ஒரு கண்டிப்பான நியதி இருப்பது புலனாகும். ஆற்றல் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதே அந்நியதி.

வவுனியாவுக்கு வடக்கே, யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து நெடுங்கேணிக்குப் பாதை பிரியும் இடத்தில் அமைந்தது புளியங்குளம். அவ்வூர் அடங்கிய வன்னி நிலத்தார்க்கு மறைவேட வீரன் புதியவன் அல்லன். அம்மனுக்கு நேர்த்திக்கடனாக இரவு முழுதும் ஆடப்பெறும் காத்தவராயன் கூத்தில், நாயகன் தான் விரும்பிய ஆரியமாலையை அடையும்பொருட்டு வளையல் விற்பவன் முதலான பல வேடங்களைப் புனைகிறான். காத்தவராயனின் வெவ்வேறு பருவங்களை வெவ்வேறு நடிகர்கள் ஏற்று ஆடுவதும் இக்கூத்தின் மரபு. ஆள் மாறினும் பாத்திரம் மாறவில்லை என்பதைச் சபையோர் அறிவர். சித்திரப் படத்திலும் ஒரே வீரனைப் பல ஓவியர்கள் வரைகின்றனர். பார்ப்போர் அவனை ஒருவனாகவே காண்கின்றனர். வேடத்தின் இரகசியம் மேடையில் உள்ளோர்க்குத் தெரியாது, சபையோர்க்குத் தெரியும். சுவை பிறப்பது அவ்விடத்திலேதான். ஆயினும் இறுதியில் காத்தவராயன் கழுமரம் ஏறவேண்டியிருக்கிறது. வேடத்துக்கு ஒரு விலை உண்டு.

மகாபாரதத்தின் விராட பருவமும் இதனையே காட்டுகிறது. பதின்மூன்றாம் ஆண்டில் பாண்டவர் எவரும் அறியாதபடி வாழவேண்டும். அடையாளம் வெளிப்பட்டால் மீண்டும் பன்னிரண்டு ஆண்டுகள் வனவாசம். வில்லுக்கு விசயன் என்று பெயர்பெற்றவன் அரண்மனையில் நாட்டியம் கற்பிக்கிறான். திரௌபதியைக் கீசகன் அவமதித்தபோதும் பாண்டவர் வெளிப்படையாக எழமுடியவில்லை. வலிமை இருந்தும் அதனை அடக்கிக்கொள்ளும் துன்பமே அங்கு வீரத்தின் சோதனையாகிறது.

மேலைநாட்டில், 1938ஆம் ஆண்டு சித்திரக்கதை இதழொன்றில் தோன்றிய சூப்பர்மேன், கிளார்க் கென்ட் என்னும் பத்திரிகை நிருபராகத் தன்னை மறைத்துக்கொண்டான். 1941இல் பிளைஷர் சகோதரர்களின் நிறுவனம் அவனை அசையும் சித்திரமாகத் திரைக்குக் கொணர்ந்தது. மறைவேட வீரன் அன்றிலிருந்து இவ்வகைப் படங்களில் நிலைபெற்றுவிட்டான்.

காலப் பயணத்தின் விலையும் நம் புராணங்கள் அறிந்ததே. மகள் ரேவதிக்கு வரன் கேட்கப் பிரமலோகம் சென்ற ககுத்மி மன்னன், அங்கே இசை முடியும்வரை சிறிது நேரம் காத்திருந்தான். அதற்குள் பூமியில் இருபத்தேழு சதுர்யுகங்கள் கழிந்துவிட்டன என்கிறது பாகவதம். அவன் மனத்தில் எண்ணிச் சென்ற வரன்களுள் ஒருவரும் எஞ்சவில்லை.

இவ்விரு அம்சங்களையும் ஒருங்கே இணைத்த அண்மைக்கால உதாரணம், 2015இல் தொடங்கிய ‘மிராக்குலஸ்’ என்னும் பிரெஞ்சுத் தொடர். பாரிஸ் நகரின் பள்ளி மாணவி மரினெட், ‘லேடிபக்’ என்னும் வீராங்கனையாகவும், உடன் பயிலும் அட்ரியன் ‘கேட் நுவார்’ என்னும் வீரனாகவும் உருமாறுகின்றனர். தோளோடு தோள் நின்று போராடும் இருவரும் ஒருவரையொருவர் யாரென அறியார். 2019இல் வெளிவந்த ஒரு பகுதியில், மரினெட் தன் பெயரெழுதி அட்ரியனுக்கு ஓர் அன்பளிப்பை வைத்துச் செல்கிறாள். அதனால் இரகசியம் வெளிப்பட்டு, விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகி, உலகமே பாழாகிறது. அந்த வருங்காலத்தைக் கண்ட அவள், கடந்த கணத்துக்குத் திரும்பி அப்பெயரை அழித்துவிடுகிறாள். உலகம் பிழைக்கிறது, ஆனால் அன்பளிப்பைத் தந்தவள் யாரென அட்ரியன் அறியான். தன் பெயரை இழந்தே அவள் ஊரைக் காக்கிறாள்.

கதைக்கு வெளியே காலம் இவ்வாறு இணங்குவதில்லை. 1990இல் போர் காரணமாக வவுனியாவுக்கு வடக்கே புகையிரதப் போக்குவரத்து நின்றது. புளியங்குளத்தைக் கடந்து கிளிநொச்சிவரை மீண்டும் புகையிரதம் ஓடியது 2013இல். தண்டவாளங்களைத் திரும்ப இட முடிந்தது. இடைப்பட்ட இருபத்துமூன்று ஆண்டுகளைத் திரும்பப் பெற முடியவில்லை. வண்டி நின்றபோது ஐந்து வயதாயிருந்த குழந்தை, அது மீண்டும் வந்தபோது இருபத்தெட்டு வயது நிரம்பியவர். இழந்ததை மாற்ற இயலாதோர்க்குக் காலப் பயணக் கதை இனிப்பதில் வியப்பில்லை.

எனினும், இக்கதைகள் கூறும் இரண்டு ஆற்றல்களுள் ஒன்று மனிதர்க்கு எட்டாதது, மற்றது எட்டக்கூடியது. சென்ற நாளைத் திருத்த எவராலும் ஆகாது. பெயர் சொல்லாமல் பிறர்க்கு உதவ எவராலும் ஆகும். படம் பார்த்து முடித்த குழந்தையிடம், ‘யார் வென்றார்?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘வென்றவர் எதை விட்டுக்கொடுத்தார்?’ என்றும் பெற்றோர் கேட்பாராயின், அந்த அரைமணி நேரப் பொழுதுபோக்கு பயனுள்ள பாடமாகவும் அமையும்.