காலரா நஞ்சும் இறங்கிய கைகாட்டியும்

சாந்த்ராகாச்சி: மழைக்காலம் வந்து ஹவுரா பக்கத்துத் தாழ்வான தெருக்களில் தண்ணீர் தேங்கிவிட்டால், இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் குடிதண்ணீரைக் காய்ச்சத் தொடங்கிவிடுவார்கள். வாந்திபேதி பயம்தான் காரணம். காலராவில் மனித உடம்பு எப்படி வற்றிப் போகிறது என்ற புதிருக்கு விடை கிடைத்த இடம் இங்கிருந்து அதிக தூரமில்லை. லோக்கல் வண்டியில் ஹவுரா போய்ப் பாலத்தைக் கடந்தால், கல்லூரித் தெருவில் கல்கத்தா மெடிக்கல் காலேஜ். வைத்தியத்துக்காக அங்கே வரிசையில் நின்ற நம்மவர்கள் ஏராளம். டாக்டர் சம்புநாத் தே என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் சொற்பம்.

ஹூக்ளி மாவட்டத்துக் கரிபாட்டி கிராமத்தில் 1915-ல் பிறந்தவர் தே. லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர், கல்கத்தாவிலேயே காலராவைக் கையிலெடுத்தார். காலராக் கிருமியை 1884-ல் இதே நகரத்தில் பிரித்துக் காட்டியவர் ஜெர்மானிய டாக்டர் ராபர்ட் கோக். கிருமி ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று அவர் ஊகித்தார். ஆனால் எழுபத்தைந்து ஆண்டுகள் அதை நிரூபிக்க ஆளில்லை.

தே செய்த சோதனையில் பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் நூலால் கட்டினார். அதற்குள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் பார்த்தால் அந்தத் துண்டு நீரால் உப்பியிருந்தது. இது 1953-ல் வெளியான ஆராய்ச்சி. பிறகு கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத தெளிவை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது! ஆகவே நீரை இழுத்து வெளியேற்றுவது கிருமி சுரக்கும் நஞ்சுதான். 1959-ல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார்.

அந்த நஞ்சு செய்யும் வேலை ரயில்வேக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். உடலின் ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் ரிசெப்டர் எனப்படும் ஏற்பிகள் உண்டு. வெளியிலிருந்து வரும் ஹார்மோன் போன்ற செய்தியை இவை வாங்கி, உள்ளே 'ஜி புரதம்' என்ற நடுவாளிடம் கொடுக்கின்றன. அவன் கைகாட்டியை இறக்கினால் வழி திறக்கும். வேலை முடிந்ததும் அவனே ஏற்றிவிடுவான். காலரா நஞ்சின் ஒரு பகுதி, குடல் செல்லின் மேலுள்ள 'ஜி.எம்.1' என்ற கொழுப்புச் சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொள்கிறது. மற்றொரு பகுதி உள்ளே நுழைந்து அந்த நடுவாளின் கையைக் கட்டிவிடுகிறது. இறங்கிய கைகாட்டி ஏறுவதே இல்லை. 'சைக்ளிக் ஏ.எம்.பி.' என்ற உட்செய்தி பெருகுகிறது, உப்பு குடலுக்குள் கொட்டுகிறது, அதன் பின்னாலேயே தண்ணீரும் ஓடுகிறது. கடுமையான நோயாளி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை இழந்துவிடுவதுண்டு.

ஜி புரதத்தைக் கண்டறிந்ததற்காக 1994-ல் கில்மன், ராட்பெல் என்ற இரு அமெரிக்கர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புரதத்தை ஆராய்ந்தவர்களுக்குக் காலரா நஞ்சே நல்ல கருவியாக உதவியது. தேயை 1978-ல் ஸ்டாக்ஹோமுக்கு நோபல் கருத்தரங்குக்கு அழைத்தார்கள். நோபல் பெற்ற லெடர்பெர்க் அவர் பெயரைப் பரிசுக்குப் பரிந்துரைத்தார். உள்நாட்டில்? பெரிய விருது ஒன்றுகூட இல்லை. 1985-ல் காலமானார். ஐந்தாண்டு கழித்து, 1990-ல், பெங்களூரின் 'கரண்ட் சயன்ஸ்' இதழ் அவருக்கென ஒரு சிறப்பிதழ் போட்டது. நம் நாட்டில் மாலை எப்போதும் இப்படித் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது.

பேதி ஆகும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று சொல்வோர் இன்றும் உண்டு. அது தவறு. நஞ்சு ஒரு வழியைக் கெடுத்தாலும், குடலில் வேறொரு வாசல் கெடாமல் இருக்கிறது. அதில் குளுகோஸும் உப்பும் ஜோடியாகத்தான் நுழையும். அவற்றோடு தண்ணீரும் உள்ளே போகும். வெறும் தண்ணீருக்கு அந்த வாசல் திறப்பதில்லை. 1971-ல் வங்கதேச அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகாலனபிஸ் இந்த நீரைத்தான் கலந்து கொடுக்கச் செய்தார். முப்பது சதவீதம் வரை போயிருந்த சாவு, நாலு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2022-ல் மறைந்த அவருக்கு 2023-ல்தான் பத்ம விபூஷண்.

மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். இல்லையென்றால் காய்ச்சி ஆற்றிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. கண் குழிந்து, சிறுநீர் நின்று, நோயாளி துவண்டுவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வழியிலும் கொடுத்துக்கொண்டே போகலாம்.

இதைக் குடித்த உடனே பேதி நிற்காது. அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நஞ்சு பிடித்த செல்கள் நாலைந்து நாளில் தாமே உதிர்ந்து, அந்த இடத்தில் புதியவை முளைக்கும். அதுவரை போகிற தண்ணீருக்கு ஈடாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.