வீட்டு மீன் தொட்டிக்கு ஏற்ற வடிகட்டி

சென்னைக் கொளத்தூரில் அலங்கார மீன் வளர்ப்புப் பல குடும்பங்களுக்கு ஜீவனமாயிருப்பதைக் கேட்டு, நம் காவிரிப் பிரதேசத்து மிராசுதார்களிலும் தொட்டி வைக்க விரும்புவோர் உளர். நீர் தெளிவாயிருந்தும் மீன்கள் மடிவதேன் என்பதே அவர்களுக்கு எழும் முதற் சந்தேகம்.

மீனின் கழிவிலும் எஞ்சிய இரையிலும் உண்டாகும் அம்மோனியாவே பெரும்பாலும் காரணம். அது கண்ணுக்குப் புலப்படாது. அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் சில நுண்ணுயிர்கள் மாற்றுகின்றன. வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய விஞ்ஞானி 1890-ல் இவற்றைப் பிரித்தறிந்தார். அம்மோனியம் சல்பேட்டை வயலில் மேலாகத் தூவாது சேற்றினடியில் இடும்படி சொல்வதும் இவ்வுயிர்களின் செய்கையை முன்னிட்டே. ஆகையால் வடிகட்டியின் பிரதான வேலை இவற்றிற்கு இடமளிப்பது. அழுக்கைப் பிடித்தல் இரண்டாவது.

சிறு தொட்டிக்கும் குஞ்சுத் தொட்டிக்கும் பஞ்சு வடிகட்டியே மேல். காற்றுக் குழாயினின்று எழும் குமிழிகள் நீரைப் பஞ்சின் வழியே இழுக்கும், குஞ்சுகள் அகப்படா, விலையும் சொற்பம். வெளியில் வைக்கும் மூடிய வடிகட்டி பெருந் தொட்டிக்கு ஏற்றதாயினும், மின்சாரம் நெடுநேரம் நின்றால் உள்ளே பிராணவாயு குன்றி நுண்ணுயிர்கள் மடியும். கழுவாது மீண்டும் ஓட்டினால் அந்நாற்ற நீர் தொட்டியிற் சேரும்.

குளோரின் கலந்த குழாய்நீரில் பஞ்சை அலசலாகாது. தொட்டியினின்று எடுத்த நீரிலேயே பிழிதல் வேண்டும். புது வடிகட்டி பக்குவப்பட 4 முதல் 6 வாரமாகும். அதுவரை மீன்கள் சிலவே இருக்கட்டும். மேட்டூர் திறந்தபின் வாய்க்காலில் வரும் கலங்கல் நீரைத் தெளியவைத்தே விடுக. வண்டல் பஞ்சை அடைத்துவிடும். பூச்சிமருந்து தெளித்த வயலின் வடிநீரை மாத்திரம் எக்காரணங்கொண்டும் தொட்டியிற் சேர்க்கலாகாது.