எடைக்கல்லே தேய்ந்தால்?

தராசின் முள் நேராக நிற்கிறது. ஆனால் எடைக்கல் தேய்ந்திருக்கிறது. நீங்கள் வாங்கிய கத்தரிக்காய் உண்மையில் ஒரு கிலோதானா? தாவர ஆய்வுக்கூடத்திலும் இதே ஐயம் எழுவதுண்டு.

செடியின் செல்லில் பல்லாயிரம் மரபணுக்கள் உள்ளன. நீர் வற்றினால் அவற்றுள் சில விழித்தெழும், சில அடங்கிவிடும். வேலை செய்யும் மரபணு தன் செய்தியைத் தூது ஆர்.என்.ஏ. என்னும் நகல்களாக அனுப்புகிறது. நகல்களை அளந்தால் மரபணுவின் சுறுசுறுப்பு தெரியும்.

அளப்பது எப்படி? தூது ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, பி.சி.ஆர். கருவியில் பெருக்குவர். ஒவ்வொரு சுற்றிலும் அது ஏறத்தாழ இரட்டிக்கும். குறித்த ஒளிர்வை ஒரு மாதிரி இரண்டு சுற்று முன்னதாக எட்டினால், தொடக்கத்தில் அது நான்கு மடங்கு இருந்தது என்று பொருள்.

ஆனால் இரண்டு இலைகளிலிருந்து பிரித்தெடுக்கும் ஆர்.என்.ஏ. ஒரே அளவாக இராது. ஆகவே, மாறாத மரபணு ஒன்றை எடைக்கல்லாகக் கொண்டு அதனோடு ஒப்பிடுவர். இதுவே ஒப்பீட்டு மரபணு. செல்லின் அன்றாடப் பணிக்குரிய ஆக்டின், டியூபுலின் போன்ற புரதங்களின் மரபணுக்களை நெடுங்காலம் இதற்குப் பயன்படுத்தினர்.

அவை மாறாதவைதாமா? வறட்சியில் எடைக்கல் மரபணு கால் பங்காகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிதும் மாறாத வேறொரு மரபணு நான்கு மடங்கு பெருகியதுபோல் தோன்றும்! அதை வறட்சி தாங்கும் மரபணு என நம்பிப் பயிரில் புகுத்த முயன்றால், ஆண்டுக்கணக்கான உழைப்பு வீணாகுமன்றோ?

எடைக்கல்லைச் சோதிக்க என்ன வழி? பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் ஒரு முறையை வகுத்தனர். பல மரபணுக்களை இரண்டிரண்டாக ஒப்பிட வேண்டும். இரண்டும் நிலையானவை என்றால், எல்லா மாதிரிகளிலும் அவற்றின் விகிதம் ஒன்றாகவே இருக்கும். மிகவும் தடுமாறும் மரபணுவை நீக்கிவிட்டு மீண்டும் ஒப்பிட வேண்டும். இறுதியில் எஞ்சும் சிலவற்றின் பெருக்கல் சராசரியே எடைக்கல். ஒரே பணியைச் செய்யும் மரபணுக்கள் சேர்ந்தே ஏறி இறங்கி நம்மை ஏமாற்றலாம். ஆகவே வெவ்வேறு பணிகளுக்குரியவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

2005இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிலைய ஆய்வாளர்கள், கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியின் 20,000க்கு மேற்பட்ட மரபணுக்களின் அளவீடுகளை அலசினர். பழைய எடைக்கற்களைவிட நிலையானவை நூற்றுக்கணக்கில் கிடைத்தன!

பௌதிகத்திலும் இக்கதை உண்டு. 1889 முதல் கிலோகிராமுக்கு அளவாயிருந்த உலோக உருளையும் அதன் நகல்களும் ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் விலகின. 2019இல் அதைக் கைவிட்டு, பிளாங்க் மாறிலியை அடிப்படையாக்கினர். செடிக்கு அத்தகைய மாறிலி இல்லை. அராபிடாப்சிஸுக்குப் பொருந்திய எடைக்கல் நெல்லுக்குப் பொருந்தாமற் போகலாம். இலைக்குப் பொருந்தியது வேருக்குப் பொருந்தாமற் போகலாம். ஆகவே ஒவ்வொரு முறையும், அளக்கும் முன் எடைக்கல்லைச் சோதிக்க வேண்டும்.