பாட்டியின் வயதைக் கழித்துப் பாருங்கள்

தம்பி தங்கைகளே, ஒரு கணக்கு. 140-இலிருந்து அக்காவின் வயது 20-ஐக் கழியுங்கள்: 120. அதே 140-இலிருந்து பாட்டியின் வயது 80-ஐக் கழியுங்கள்: 60. சரிபாதி!

இது விளையாட்டுக் கணக்கு இல்லை. 1976-இல் கனடாவைச் சேர்ந்த காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் வெளியிட்ட சூத்திரத்தின் முதல் படி. மீதியை உடல் எடையால் பெருக்கி 72-ஆல் வகுக்க வேண்டும். பிறகு, ரத்தத்திலுள்ள கிரியாட்டினின் என்ற கழிவின் அளவாலும் வகுக்க வேண்டும். பெண்களுக்கு விடையை 0.85-ஆல் பெருக்கினால் முடிந்தது. சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்பது தோராயமாகக் கிடைத்துவிடும்.

அக்காவும் பாட்டியும் 48 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் (நம் மலேசிய ரத்த அறிக்கையில் வேறு அலகில் 88 என்று இருக்கும்). அக்காவுக்கு 68 வருகிறது, பாட்டிக்கு 34! ரத்தச் சோதனை ஒரே மாதிரி இருக்க, சிறுநீரகம் மட்டும் எப்படிப் பாதியானது? கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. வயதானால் தசை மெலிகிறது. கழிவும் குறைவாகவே உண்டாகிறது. அந்தக் குறைந்த கழிவைக்கூடப் பாட்டியின் சிறுநீரகம் மெதுவாகத்தான் வெளியேற்றுகிறது. அதனால்தான் எண் 'சரி' என்று ஏமாற்றுகிறது.

ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் தாத்தா பாட்டிகள் கிளினிக்கிலிருந்து கொண்டுவரும் மருந்துப் பையைப் பாருங்கள். அவர்களுக்கு இனிப்பு நீர் நோய் இருந்தால் பெரும்பாலும் மெட்ஃபோர்மின் இருக்கும். இதைக் கல்லீரல் உடைப்பதில்லை. சிறுநீரகம்தான் அப்படியே வெளியேற்ற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடம்பிலேயே தேங்கும். அப்போது மருத்துவர் அளவைக் குறைப்பார். மிகவும் தளர்ந்துவிட்டால் நிறுத்தியும் விடுவார்.

மருந்து இப்படித் தேங்குவதில் வயிறு பெரிய குற்றவாளி இல்லை. மாத்திரையை ஏறக்குறைய முன்போலவே உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் வயதானால் கல்லீரலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. உடலில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. கொழுப்பில் கரையும் மருந்துகளுக்கு அதுவே ஒளிந்துகொள்ளும் இடம். தூக்கத்துக்குத் தரப்படும் டயாசிபாமில் பாதி நீங்க 20 வயதில் சுமார் 20 மணி நேரம் போதும். 80 வயதில் சுமார் 90 மணி நேரம் ஆகலாம். நேற்றைய மாத்திரை போகும் முன்பே இன்றைய மாத்திரை வந்து சேரும். பகலெல்லாம் மயக்கம், குளியலறையில் தடுமாற்றம், விழுந்தால் இடுப்பெலும்பு முறிவு. சளிக்குச் சாப்பிடும் சின்ன மஞ்சள் மாத்திரை குளோர்ஃபெனிரமினும் முதியவர்களை இப்படித் தள்ளாட வைக்கும்.

எனக்கு அதிகம் பயம் தருவது, மூட்டு வலிக்கு யாரையும் கேட்காமல் கடையில் வாங்கும் மாத்திரைதான். ரப்பர் மரம் சீவியும் செம்பனைக் குலை சுமந்தும் தேய்ந்த முழங்கால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கின்றன. ரத்தக் கொதிப்பு மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு இது இரட்டை ஆபத்து.

அடுத்த முறை பாட்டி கிளினிக்குக்குப் போகும்போது, கடை மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்து அனுப்புங்கள். கணக்குத் தெரிந்துவிட்டது என்று நீங்களே மாத்திரையைப் பாதியாக வெட்டிவிடாதீர்கள். அந்த முடிவை மருத்துவரும் மருந்தாளரும் எடுக்கட்டும்.