கேட்டுக்குக் கீழே உடையும் பீலிக் குழாய்

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் வீடுகள் மதிலோடு மதில் முட்டி நிற்பதால், கூரைநீரை வளவுக்குள் விட இடம் கிடைப்பதில்லை. பீலிக் குழாயை நிலத்துக்குள் இறக்கி, கேட்டடியில் வாகனம் ஏறும் பாதைக்குக் கீழால் தெரு வடிகானுக்குக் கொண்டுபோகிறார்கள். 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 5,000 லீற்றர் தண்ணீர் அந்த ஒரு குழாயால் போயாக வேண்டும். கார்த்திகை, மார்கழி மாரியில் இது பெரிய அளவல்ல.

குழாய் பெரும்பாலும் அரை அடி ஆழத்தில்தான் கிடக்கிறது. மணலோ கல்லோ ஏற்றிய டிப்பர் ஒருமுறை ஏறினாலே போதும், வெடித்துவிடும். கரையோர நிலம் மணல். வெடிப்பால் மணல் குழாய்க்குள் இறங்க, பாதைக்கு அடியில் பொந்து விழுகிறது. ஒருநாள் சில்லுப் போகும் இடத்தில் இன்டர்லொக் கல் நாலைந்து தாழ்கிறது. வீட்டுக்காரர் மேசனைக் கூப்பிட்டு, கல்லைக் கிளப்பி, மண் போட்டு, மேலே சீமெந்து பூசுவிக்கிறார். அடுத்த மழைக்கு அதே இடம் மறுபடி தாழும். குழாயைத் திருத்தாமல் பள்ளத்தை நிரப்புவது காசை மண்ணில் புதைப்பதுதான்.

சோதிப்பது எளிது. பீலிக் குழாயின் மேல்வாயில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, வடிகான் பக்க வாயைப் பார்க்க வேண்டும். தண்ணீர் வராவிட்டால் அடைப்பு அல்லது உடைவு. மணலோடு வந்தால் உடைவு என்றே கொள்ளலாம்.

திருத்தத்துக்கு ஏற்ற காலம் ஆனி முதல் ஆவணி வரை. நிலத்தடி நீர் அப்போது தாழ்ந்திருக்கும்; குழாய் ஈரமாக இருந்தால் கம் பிடிக்காது. கேட்டடியில் குடிநீர்க் குழாயும் ஓடுவதால் கையால் தோண்டுவதே பாதுகாப்பு. உடைந்த துண்டை இருபுறமும் நல்ல பாகம் வரை வெட்டி எடுத்து, தடித்த பி.வி.சி. குழாய் மாற்ற வேண்டும். மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சரிவு, அடியில் நாலு அங்குல மணல் மெத்தை, மேலே இரண்டடி மண். அவ்வளவு ஆழம் கிடைக்காவிட்டால் கம்பி கட்டிய கொங்கிரீட் பலகையைக் குழாயில் பாரம் இறங்காதபடி மேலே வைக்க வேண்டும். வளைவில் ஒரு சிறு பார்வைக் குழி, பீலி வாயில் இலை தடுக்கும் வலை, இரண்டும் தவறக்கூடாது. மலகூடக் குழாயையோ சமையலறைக் கழிவையோ இதில் இணைக்கவே கூடாது. அது தெரு முழுவதற்கும் நோய் பரப்பும்.

கேட்டுக்கு வெளியே தோண்டுமுன் வீதி யாருடையது என்று அறிய வேண்டும். ஏ4 பிரதான வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் நிறைவேற்றுப் பொறியியலாளர் அலுவலகம். உள்வீதி, ஒழுங்கை என்றால் பெரும்பாலும் கல்முனை மாநகர சபை. சில வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பித் தோண்டியவருக்குப் பிறகு அத்தாட்சி எதுவும் இருக்காது.

வீதி வேலை அல்லது குழாய் பதிக்கும் வேலை செய்தவர்கள் உடைத்திருந்தால், மூடுவதற்கு முன்பே படம் எடுத்து, திகதியிட்ட முறைப்பாடு இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரை வாங்க வேண்டும். "போனில் சொன்னேன்" என்பது முறைப்பாடு அல்ல. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த வேலையை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும். அயல்வீட்டுத் தகராறு என்றால் பொலிசுக்கு ஓடுமுன் மத்தியஸ்த சபைக்குப் போவது நல்லது.

தேங்கும் நீரில் நுளம்பு பெருகினால் 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வளவுக்காரரே பொறுப்பு. முறிந்த குழாய்க்குள் தங்கும் நீரும் தேங்கிய நீர்தான். ஆகவே மீண்டும்: பள்ளத்தை மூடுமுன் குழாயைப் பாருங்கள்.