கணினிக்குள் ஒரு வாயிற்காவல்



ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டாரங்களில் பால்மரக் காடுகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த பெரியவர்கள் பலர் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்தக் காடுகள் பலவும் இன்று செம்பனையாக மாறிவிட்டன. விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கணினிக் கல்வி பயில்கிறார்கள். இன்டெல் நிறுவனம் 1972ஆம் ஆண்டில் பினாங்கில் தன் ஆலையைத் தொடங்கிய நாள் முதல், சில்லுத் தொழில் நம் நாட்டுக்கு அந்நியமானதன்று. ஆகவே, கணினியின் உள்ளே நடைபெறும் ஒரு முக்கியமான ஏற்பாட்டைத் தோட்டத்து வாழ்க்கையைக் கொண்டே இன்று விளக்க முயல்வோம். ஒரு சாதனத்தைச் சாதாரண நிரல் ஒன்றின் கையில் ஆபத்தின்றி ஒப்படைப்பது எப்படி என்பதே நம் பேச்சின் பொருள்.

கணினியில் பல நிரல்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. அவற்றுக்கெல்லாம் மேலாளராக இருந்து நினைவகத்தையும் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுப்பது இயக்க அமைப்பின் நடுப்பகுதி. அதனைக் கெர்னல் என்பர். தோட்டத்து ஆபீசைப் போன்றது அது. யாருக்கு எந்த நிரை என்று அங்கேதான் முடிவாகும். மற்ற நிரல்கள் தத்தம் நிரையில் மட்டுமே வேலை செய்யலாம். ஒரு நிரல் அடுத்ததன் நினைவகத்தில் கைவைக்க முயன்றால், கணினியின் செயலியே அதைத் தடுத்துவிடும்.

வலைப்பின்னல் அட்டை, வட்டு, வரைபட அட்டை ஆகியவை சாதனங்கள். இவற்றை ஆட்டிவைக்கும் இயக்கி நிரல்கள் பெரும்பாலும் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே இருப்பதால் அவற்றுக்கு முழு அதிகாரம் உண்டு. அதே காரணத்தால், இயக்கியில் ஒரு பிழை நேர்ந்தால் கணினி முழுவதுமே நின்றுவிடவும் கூடும்.

அப்படியானால், சாதனத்தைக் கெர்னலிடமிருந்து பிரித்து ஒரு நிரலின் கையில் நேரடியாகக் கொடுத்துவிட்டால் என்ன? அவ்வாறு கேட்பதற்கு நல்ல காரணங்கள் உள்ளன. ஒரே பெரிய கணினிக்குள் பல மெய்நிகர்க் கணினிகள் ஓடும்போது, அவற்றில் ஒன்றுக்கு ஓர் அட்டையை முழுமையாகக் கொடுத்தால் வேகம் கூடும். கோடிக்கணக்கான செய்திப் பொட்டலங்களைக் கையாளும் வலைப்பின்னல் நிரல், ஒவ்வொன்றுக்கும் கெர்னலின் கதவைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. 2010ஆம் ஆண்டளவில் இன்டெல் நிறுவனத்தில் வெங்கி வெங்கடேசன் என்னும் பொறியாளர் உருவாக்கிய டி.பி.டி.கே. என்ற நிரல் தொகுப்பு இந்த எண்ணத்தின் அடிப்படையில் எழுந்ததே.

ஆனால், இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. சாதனங்கள் செயலியின் உதவியின்றித் தாமே நினைவகத்தில் எழுதவும் படிக்கவும் வல்லவை. இதனை நேரடி நினைவக அணுகல் என்பர். சாதனத்தை ஒரு லாரியாக எண்ணிக்கொள்ளுங்கள். கையில் கொடுத்த துண்டுச் சீட்டில் எந்த இடம் எழுதியிருக்கிறதோ, லாரி அங்கே போய்ச் சரக்கைக் கொட்டும். "இது சரியான இடம்தானா?" என்று அது கேட்பதில்லை. ஆபீஸ் கிராணி மட்டுமே சீட்டு எழுதும் வரை தொல்லையில்லை. சீட்டுப் புத்தகத்தையே வெளியாள் ஒருவரிடம் கொடுத்துவிட்டால்? அவர் தவறுதலாகவோ வேண்டுமென்றோ ஆபீஸ் அறையின் எண்ணையே எழுதிவிட்டால், லாரி நேரே போய்க் கணக்குப் புத்தகங்களின் மேல் சரக்கைக் கொட்டிவிடும். நிரலைத் தடுக்கும் செயலியின் காவல், லாரியைத் தடுக்காது. லாரி போகும் பாதையில் அந்தக் காவலே இல்லை.

லினக்ஸ் இயக்க அமைப்பில் 2007ஆம் ஆண்டு யூ.ஐ.ஓ. என்னும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. சாதனத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியை நிரலுக்குக் காட்டவும், சாதனம் எழுப்பும் மணியை நிரலுக்குத் தெரிவிக்கவும் அது உதவியது. எளிய கருவிகளுக்கு அது போதுமானது. ஆனால், நினைவகத்தில் தாமே எழுதும் சாதனங்களுக்கு அதில் பாதுகாப்பு இல்லை.

குறையைத் தீர்க்க வந்தது ஐ.ஓ.எம்.எம்.யூ. என்னும் வன்பொருள். இதுவே தோட்டத்து வாசலில் பதிவேட்டுடன் நிற்கும் ஜாகா. ஒவ்வொரு லாரிக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. "இந்த லாரிக்கு முதலாம் இடம் என்றால் இன்ன கொட்டகை, இரண்டாம் இடம் என்றால் இன்ன கொட்டகை" என்று அதில் எழுதியிருக்கும். சீட்டில் உள்ள எண்ணை ஜாகா பதிவேட்டோடு ஒப்பிட்டு, உரிய கொட்டகைக்கு அனுப்புவார். பதிவேட்டில் இல்லாத எண்ணென்றால், லாரியைத் திருப்பிவிட்டு ஆபீசுக்குத் தகவல் சொல்வார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சீட்டை யார் வேண்டுமானாலும் எழுதலாம். பதிவேட்டில் எழுதும் உரிமை ஆபீசுக்கு மட்டுமே, அதாவது கெர்னலுக்கு மட்டுமே உரியது.

இந்தக் காவலை நம்பி எழுந்ததுதான் வி.எஃப்.ஐ.ஓ. என்னும் கெர்னல் பகுதி. சிஸ்கோ நிறுவனத்தின் டாம் லயன் தொடங்கிய பணியை, ரெட் ஹேட் நிறுவனத்தின் அலெக்ஸ் வில்லியம்சன் புதிதாக வடிவமைத்தார். 2012ஆம் ஆண்டில் லினக்ஸ் 3.6ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது. அது வேலை செய்யும் முறை இதுதான்: நிரல் தன் நினைவகத்தில் ஒரு பகுதியைக் காட்டி, "இதனைச் சாதனம் பயன்படுத்தட்டும்" என்று கேட்கும். அப்பகுதி அந்த நிரலுக்கே உரியதா என்று கெர்னல் சரிபார்க்கும். பின்னர் அதனை இடம்பெயராதபடி நிலைநிறுத்தும். லாரி வரும் நேரத்தில் கொட்டகை வேறிடத்துக்கு மாறிவிட்டால், சரக்கு யாருடைய தலையில் விழும்? ஆகவேதான் இந்த எச்சரிக்கை. அதன் பிறகே பதிவேட்டில் எழுதும். ஒரு நிரல் எவ்வளவு நினைவகத்தை இப்படி நிலைநிறுத்தலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. இல்லையேல் ஒருவரே எல்லாக் கொட்டகைகளையும் பிடித்துக்கொள்வார்.

அடுத்தது குழு என்னும் கருத்து. பழைய லயத்து வீடுகளை நினைவில் கொண்டுவாருங்கள். ஒரே கூரை, நடுவே பலகைத் தடுப்பு. ஒரு வீட்டில் அடுப்பு புகைந்தால் அடுத்த வீட்டில் இருமல். சில சாதனங்களும் அப்படித்தான். ஒரே இணைப்புப் பாலத்தின் கீழ் இருப்பவை வாசலுக்கு வராமலேயே தமக்குள் பேசிக்கொள்ளக்கூடும். ஜாகாவுக்கு அது தெரியவே தெரியாது. எனவே, இவ்வாறு பிரிக்க முடியாத சாதனங்களை ஒரே குழுவாகக் கெர்னல் கருதுகிறது. குழுவில் ஒன்றை வெளியாளுக்குக் கொடுக்க வேண்டுமானால், அதிலுள்ள மற்றச் சாதனங்களையும் கெர்னல் தன் சொந்த வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. ஓர் அறையை வாடகைக்கு விட லயம் முழுவதையும் ஒழிக்க வேண்டுமா என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். தடுப்பு பலகைதான் என்றால், ஒழிக்கத்தான் வேண்டும்.

மணி அடிக்கும் உரிமையையும் கவனிக்க வேண்டும். இன்றைய சாதனங்கள் ஒரு குறிப்பிட்ட முகவரியில் எழுதுவதன் மூலமே செயலிக்கு மணியடிக்கின்றன. அந்த முகவரி தெரிந்த சாதனம் பொய்மணியும் அடிக்கலாம். இதைத் தடுக்க மணிகளையும் சரிபார்க்கும் வன்பொருள் வேண்டும். அது இல்லாத கணினியில், நிர்வாகி தெரிந்தே இசைவு தந்தாலன்றி, வி.எஃப்.ஐ.ஓ. சாதனத்தை ஒப்படைக்க மறுத்துவிடும். மேலும், கைமாறும்போது சாதனத்தைப் பழைய நிலைக்கு மீட்டமைக்கவும் அது முயல்கிறது. முன்பு குடியிருந்தவரின் பொருள் புதியவர் கையில் அகப்படக் கூடாதல்லவா?

குறுக்கு வழிகளும் இல்லாமல் இல்லை. குழுவைப் பிரித்ததுபோல் காட்டும் ஒட்டு நிரல் ஒன்றைச் சிலர் தம் வீட்டுக் கணினியில் சேர்த்துக்கொள்கிறார்கள். பதிவேட்டில் பெயரைப் பிரித்து எழுதிவிட்டால் பலகைச் சுவர் கல்சுவர் ஆகிவிடாது. காவலே இல்லாத கணினிகளுக்கென 2016ஆம் ஆண்டில் தனி வழியொன்றும் சேர்க்கப்பட்டது. அதைப் பயன்படுத்தினால், இந்தக் கெர்னல் கறைபட்டது என்ற குறி விழுந்துவிடும். நேர்மையான கிராணி கணக்கில் இடும் சிவப்பு மைக்குறி போன்றது அது.

இவையெல்லாம் வல்லுநர்களின் கவலைதானே என்று நாம் இருந்துவிடலாகாது. 2019ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தையும் ரைஸ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் தண்டர்கிளாப் என்ற ஆய்வை வெளியிட்டனர். மடிக்கணினியின் பக்கத் துளையில் செருகப்படும் ஒரு போலிச் சாதனம் நினைவகத்துக்குள் நுழைய முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். வாயிற்காவல் இருந்த கணினிகளிலும் பல இயக்க அமைப்புகள் அதைச் சரிவரப் பயன்படுத்தவில்லை என்பதே அவர்கள் கண்ட குறை. ஜாகாவை வேலைக்கு வைத்துவிட்டு, கதவைத் திறந்தே போட்டிருந்தார்கள். மருத்துவமனைக் குறிப்பும் வங்கிக் கணக்கும் இத்தகைய கணினிகளில்தான் இருக்கின்றன.

கணினிக் கல்வி பயிலும் நம் பிள்ளைகளில் சிலர் நாளை இத்தகைய பதிவேடுகளை எழுதும் பொறுப்பில் அமர்வார்கள். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: வேலை செய்பவரிடம் கருவியை நம்பிக் கொடுங்கள், அதுவே வேகம். ஆனால், அந்தக் கருவி எங்கெல்லாம் போகலாம் என்பதை எழுதும் பேனா ஆபீசிலேயே இருக்கட்டும்.