மூளையின் கடிவாளம்: பாக்கின்சன் நோயும் மின்தூண்டற் சிகிச்சையும்

எமக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் கரும்பலகை எழுத்து முத்துக் கோத்தாற் போன்றது. யாம் பயிற்றப்பட்ட ஆசிரியராகத் திரும்பிவந்து அவரோடு உடன் கற்பித்த காலத்தில், அவ்வெழுத்து வரியின் தொடக்கத்திற் பெரிதாகவும் முடிவிற் கடுகளவாகவும் சுருங்கி வரக் கண்டோம். கடைசி வாங்கிலிருந்த மாணாக்கர் வாசிக்க முடியாது இடர்ப்பட்டனர். வெண்கட்டியை மிச்சம் பிடிக்கின்றார் என்று நகையாடியவரும் உளர். எழுத்துச் சுருங்குதல் பாக்கின்சன் நோயின் முதற் குறிகளுள் ஒன்று என்பதை அன்று எம்முள் எவரும் அறிந்திலேம்.

இன்று அவர் ஓய்வில் இருக்கின்றார். கை நடுங்குகின்றது, நடை தடுமாறுகின்றது. பிறநாட்டில் வதியும் மகன், தலையில் மின்கம்பி பதிக்கும் சிகிச்சையைச் செய்விக்கலாம் என்று எழுதியுள்ளார். "நடுக்கம் தீரும் என்கின்றார்கள், தம்பி. நல்லது. ஆனால் என் நிதானத்துக்கு ஊறு வருமோ?" என்று ஆசிரியர் எம்மிடம் வினவினார். தமிழ் கற்பிப்போனிடம் கேட்கத்தக்க வினா அன்று அது. எனினும், ஆசிரியர் கேட்டதற்கு விடை தேடாதிருத்தல் முறையன்று. இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். அவர்கள் எம் பிழை பொறுப்பாராக. ஏனையோருக்காக, யாம் தேடி அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

இலண்டன் மாநகரில் வைத்தியத் தொழில் புரிந்த ஜேம்ஸ் பாக்கின்சன் என்பார் 1817ஆம் ஆண்டில் நடுக்குவாதம் பற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டார். அதில் அவர் விவரித்த நோயாளர் அறுவரே. அவருள்ளும் சிலர் தெருவிற் கண்டவர். புலன்களும் அறிவும் இந்நோயினாற் கெடுவதில்லை என்பது அவர் கருத்து. நெடுங்காலம் அக்கருத்தே நிலவியது. இன்று அஃது அவ்வாறே ஒப்புக்கொள்ளப்படுவதில்லை. நோயாளர் பலரிடத்தில், திட்டமிடுதல், ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மனத்தைத் திருப்புதல், வாய்க்கு வந்ததை அடக்கிக்கொள்ளல் ஆகிய ஆற்றல்கள் தொடக்கத்திலேயே சிறிது தளர்வதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. இவ்வாற்றல்களை ஒருங்கே அறிவாட்சி எனக் கூறுவாம்.

நோயின் மூலம் மூளையின் நடுப்பகுதியில் உள்ளது. அங்கே கருநிறமுடைய கலங்களின் கூட்டம் ஒன்றுண்டு. அக்கலங்கள் டோபமீன் என்னும் இரசாயனப் பொருளைச் சுரந்து, மூளையின் ஆழத்திலுள்ள நரம்புத் திரள்களுக்கு அனுப்புகின்றன. கலங்கள் அழிய, டோபமீன் குன்றுகின்றது. இறந்த நோயாளரின் மூளையில் இக்குறைவை 1960ஆம் ஆண்டில் வியன்னாவிற் கண்டு வெளியிட்டோருள் முதல்வர் ஹோர்னிக்கீவிச் என்னும் ஆராய்ச்சியாளர். டோபமீனாக மாறத்தக்க லீவோடோபா என்னும் மருந்து அதன் பின்னரே வழக்கிற்கு வந்தது. நம் ஊர் வேலிகளிற் படரும் பூனைக்காலி விதையிலும் இதே பொருள் உண்டு. அவ்விதையிலிருந்து இதனைப் பிரித்தெடுத்த செய்தியைத் தாமோதரன், இராமசுவாமி என்னும் இருவர் 1937ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தனர். இதைக் கேட்டவுடன் வேலியை நாடி ஓடவேண்டா. அளவறியாது உண்டால் அவ்விதை தீங்கு செய்யும்.

மருந்து சில ஆண்டுகள் நன்கு பயன் தருகின்றது. பின்னர் அதன் வேகம் விரைவிற் குறைந்துவிடுகின்றது. அளவைக் கூட்டினால் உடம்பு தானே நெளிந்தாடத் தொடங்குகின்றது. இந்நிலை எய்தியவர்க்கே மின்தூண்டற் சிகிச்சை பெரும்பாலும் கூறப்படுகின்றது.

ஆழத்திலுள்ள அந்நரம்புத் திரள்களுள் ஒன்று கடலையளவினது, குவிவில்லை வடிவினது. மூளைக்குள் தலமசு என்னும் பகுதியின் கீழே இருத்தலின் அதனைக் கீழ்த்தலமசுக் கரு என வழங்குவர். உருவத்திற் சிறிதாயினும் இதன் தொழில் பெரிது. இது வண்டிக்குத் தடையும் குதிரைக்குக் கடிவாளமும் போன்றது. நெற்றிப்புறத்து மூளையிலிருந்து நேரே வரும் நரம்பிழைகள் இக்கருவை விரைவில் எட்டி, 'பொறு' என்னும் கட்டளையைச் சேர்ப்பிக்கின்றன. கரு விழித்தெழுந்து, இயக்கங்கள் யாவற்றையும் கணப்பொழுது நிறுத்தி வைக்கின்றது. தெருவைக் கடக்கக் காலெடுத்தவன் மோட்டார்வண்டியைக் கண்டு காலைப் பின்வாங்குதல் இதன் உதவியினாலேயே ஆகும்.

டோபமீன் குன்றும்போது இக்கரு அளவிறந்து தொழிற்படுகின்றது. கடிவாளம் எப்பொழுதும் இழுத்துப் பிடிக்கப்பட்ட நிலை அது. உடம்பு விறைத்து, இயக்கம் மந்தமாதல் இதன் விளைவு. நோயுற்ற குரங்குகளில் இக்கருவை அழித்தபோது அவை மீண்டும் இயங்கத் தொடங்கியதை மாலன் டீலோங் என்பாரும் துணைவரும் 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிவித்தனர். பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் அலிம் லூயி பெனாபிட், கலங்களை அழியாமலே அடக்க வழி கண்டவர். செக்கனுக்கு நூற்றுக்கு மேற்பட்ட துடிப்புகளாக மின்சாரத்தைச் செலுத்தினால், அழித்ததற்கு ஒத்த பயன் கிடைப்பதை 1987ஆம் ஆண்டில் அவர் தலமசிற் கண்டார். 1993ஆம் ஆண்டில் கீழ்த்தலமசுக் கருவிலேயே மின்வாய் பதித்தார். 2014ஆம் ஆண்டில் இவ்விருவருக்கும் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது.

சிகிச்சை முறை வருமாறு: மண்டையோட்டிற் சிறு துளையிட்டு, ஒன்றரை மில்லிமீற்றருக்கும் குறைந்த பருமனுடைய கம்பியை இறக்குவர். பெரும்பாலும் நோயாளர் விழித்திருக்கவே இது நிகழும். மூளைக்கு வலியுணர்ச்சி இல்லை. கம்பி தோலின் கீழாகக் கழுத்து வழியே சென்று, காறையெலும்பின் கீழ்ப் பதித்த மின்கலத்தோடு இணையும். செக்கனுக்கு ஏறத்தாழ 130 துடிப்புகள், ஒவ்வொன்றும் ஒரு செக்கனின் பத்திலட்சத்தில் 60 பங்கு நேரம் என்பது வழக்கமான அளவு. நடுக்கம் நிற்கின்றது, விறைப்புத் தளர்கின்றது, மருந்தின் அளவையும் பெரும்பாலும் பாதியளவுக்குக் குறைக்கலாம். இவை சிறு நன்மைகள் அல்ல. கோப்பையைக் கையில் எடுக்கமாட்டாதிருந்தவர் தாமே தேநீர் அருந்துதலைக் கண்ட குடும்பத்தாரிடம் கேட்டால் தெரியும்.

இனி ஆசிரியரின் வினாவுக்கு வருவோம். கடிவாளம் கைகாலுக்கு மட்டுமாயின் தளர்த்துவதிற் குறையில்லை. கீழ்த்தலமசுக் கருவோ கைகாலையும் எண்ணத்தையும் உணர்ச்சியையும் ஒருங்கே ஆளுகின்றது. கருவின் மேற்புற வெளிப்பகுதி இயக்கத்துக்கும், நடுப்பகுதி சிந்தனைக்கும், உட்கீழ்ப்பகுதி உணர்ச்சிக்கும் உரியனவாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றிடையே மதில் எதுவும் இல்லை. சில மில்லிமீற்றர் அகலத்துக்குப் பரவும் மின்சாரம், அயல்வளவு தன்னதன்று என்று அறிந்து நிற்குமோ?

இதனை ஆராய்ந்தவருள் மைக்கேல் பிராங் என்பாரும் அவர் துணைவரும் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு பெரிதும் பேசப்படுவது. நோயாளருக்கு இரண்டிரண்டாகச் சில குறிகளைக் காட்டி, ஒன்றைத் தெரியச் செய்தனர். ஒரு குறி நூற்றுக்கு எண்பது தடவை வெற்றி தரும்; மற்றொன்று எழுபது; வேறொன்று இருபது என இவ்வாறு. எண்பதையும் இருபதையும் ஒருங்கே காட்டினால் தெரிவு எளிது. எண்பதையும் எழுபதையும் காட்டினால் இரண்டும் நல்லனவாகவே தோன்றும். அங்கே மனம் தயங்க வேண்டும். உடல்நலமுள்ளோர் தயங்கினர். மருந்துண்ட நோயாளரும் தயங்கினர். மின்தூண்டல் நிறுத்தப்பட்டபோது அந்நோயாளரும் அவ்வாறே தயங்கினர். மின்தூண்டல் நடைபெறும்போது மாத்திரம் தயக்கம் மறைந்தது. கடினமான தெரிவை அவர்கள் எளிதானதினும் விரைந்தே செய்தனர். குதிரையை இழுத்துப்பிடித்தல் என்னும் பொருளுடைய ஆங்கில வழக்கையே அக்கட்டுரைக்குத் தலைப்பாக்கினர், பொருத்தமான தலைப்பே.

அவ்வாய்வில் இன்னுமொன்று தெளிவாயிற்று. மருந்தின் தீங்கும் மின்சாரத்தின் தீங்கும் ஒன்றல்ல. மருந்து, தோல்வியிலிருந்து கற்கும் ஆற்றலைக் குறைத்தது. தூண்டல் அதனைத் தொடவில்லை, தயக்கத்தையே நீக்கியது. டோபமீனைப் போல நடிக்கும் சில மருந்துகளை உண்டோர் சூதாட்டத்திற் பணமிழந்த வரலாறுகள் பல. சத்திரசிகிச்சையின் பின் அம்மருந்துகள் குறைக்கப்படுதலின், அத்தகையோர் சிலர் நலமடைந்ததும் உண்டு. எனவே மின்தூண்டல் நிதானத்தைக் கெடுக்கும் என்று ஒரே சொல்லில் முடித்தல் நீதியன்று. மறுபுறத்தில், மருந்தை மிக விரைவாகக் குறைத்தால் எதிலும் நாட்டமற்ற சோர்வு வந்து சேர்தலும் உண்டு.

2011ஆம் ஆண்டில் காவனா முதலியோர் வெளியிட்ட ஆய்வு இதன் வழியை மேலும் விளக்கியது. தெரிவு கடினமாகும்போது நெற்றிப்புறத்து மூளையின் நடுவிலே செக்கனுக்கு 4 முதல் 8 வரையான மெல்லலைகள் எழுகின்றன. அவ்வலைகள் ஓங்குந்தோறும் மனம் தீர்மானத்தைத் தாமதிக்கின்றது. மின்தூண்டல் நடைபெறும்போது இத்தொடர்பு தலைகீழாயிற்று. நெற்றிப்புற மூளை 'பொறு' என்று கூவியும், கேட்பார் இல்லாத நிலை அது.

எம் வகுப்பிலே செய்து பார்க்கத்தக்க பரிசோதனைகள் இரண்டு இத்துறையில் வழங்குகின்றன. 'சிவப்பு' என்னும் சொல்லைப் பச்சை வெண்கட்டியால் எழுதி, எழுத்தின் நிறம் யாது என வினவினால் மாணவன் தடுமாறுவான். வாசிக்கும் பழக்கத்தை அடக்கினாலன்றி 'பச்சை' என்று கூற இயலாது. ஸ்ரூப் என்பார் 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இது. மின்தூண்டலின்போது இதிற் பிழை மிகுவதாகப் பல ஆய்வுகள் கூறும். அவற்றுட் சில, வேறு சோதனைகளில் முன்னேற்றம் கண்டதாகவும் கூறும். மற்றது, ஒரு நிமிடத்துக்குள் ககரத்தில் தொடங்கும் சொற்களை இயன்றவரை கூறுதல். சத்திரசிகிச்சையின் பின் இவ்வாற்றல் சிறிது குறைதலே எல்லா ஆய்வுகளிலும் பெரும்பாலும் ஒருமுகமாகக் காணப்பட்ட விளைவு. வியப்பு யாதெனின், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அக்குறைவு முற்றாய் மாறுவதில்லை. கம்பி நெற்றிப்புறத்து மூளையை ஊடறுத்துச் சென்றதும் இதற்கு ஒரு காரணமாதல் கூடும். சொல்லே வாழ்வாகக் கொண்ட ஆசிரியர் ஒருவர்க்கு இச்செய்தி நடுக்கத்தினும் கனமானது. அதனை அவரிடம் மறைத்தல் தகாது என்று கருதி, உள்ளவாறே கூறினோம்.

பொதுவறிவோ நினைவாற்றலோ பெரும்பாலோரிடத்திற் பெரிதும் கெடுவதில்லை என்பதையும் உடன் கூறினோம். மறதிநோய் முன்னரே தொடங்கியவர்க்கு இச்சிகிச்சை செய்யார். அதனை அறியவே முன்கூட்டி நெடிய உளப்பரிசோதனை நடைபெறும். கீழ்த்தலமசுக் கருவுக்குப் பதிலாக வெளிறிய கோளத்தின் உட்பகுதி என்னும் வேறொரு திரளில் மின்வாய் பதித்தலும் உண்டு. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 299 நோயாளரிடத்து நடந்த ஒப்பீட்டில், உடலியக்கத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒரே பயன் அளித்தன. அறிவாட்சி தளர்ந்தவர்க்கு வைத்தியர் சிலர் இரண்டாவதையே விரும்புவதுண்டு. ஆயின் மருந்தைக் குறைக்கும் வாய்ப்பு அதில் அத்துணை இல்லை. பதித்த கம்பியிற் பல தொடுமுனைகள் இருத்தலின், நிதானக் குறைவு கண்டவிடத்து மின்சாரத்தை வேறொரு முனைக்கு மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். நோயாளர் தம் மாற்றத்தைத் தாம் உணரார். மனைவி மக்களே முதலில் உணர்வர். முன்பின் யோசியாது பொருள் வாங்குதல், சடுதியிற் சினத்தல், இடையறாது பேசுதல் முதலியவற்றை அவர்கள் வைத்தியரிடம் கூசாது சொல்லவேண்டும்.

நெதர்லாந்து நாட்டில் நிகழ்ந்ததாக வைத்திய ஏடொன்றில் 2004ஆம் ஆண்டில் வந்த செய்தியையும் ஆசிரியருக்கு வாசித்துக் காட்டினோம். அறுபத்திரண்டு வயதான ஒருவர்க்கு மின்தூண்டலின்பின் உடம்பு நன்கு இயங்கியது; ஆனால் கட்டுக்கடங்கா மனக்கிளர்ச்சி தோன்றிக் கடனாளியானார். மின்சாரத்தை நிறுத்தினாற் புத்தி தெளியும். ஆனால் படுக்கையை விட்டு எழமாட்டார். அளவுகளை மாற்றியும் நடுவழி கிட்டவில்லை. ஈற்றில், எது வேண்டும் என்று அவரையே வினவினர். மின்தூண்டலே வேண்டும் என்றார். அதற்காக மனநோய் மருத்துவமனையில் வாழவும் உடன்பட்டார்.

ஆசிரியர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "தம்பி, எந்நிலையில் வைத்து அவரைக் கேட்டனர்?" என்றார். மின்சாரத்தை நிறுத்தி, அவர் படுக்கையிற் கிடந்து தெளிவாயிருந்த வேளையிலேயே கேட்டனர் என்றோம்.